கோகனி ட்ரோலிங்குக்கு ரீல் எடுக்குறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டில் பக்கம் இருக்குற நம்மாளுங்க நிறைய பேரு இப்போ லேக் ஸ்டீவன்ஸ், ஷெலான், ரூஸ்வெல்ட்னு ஏரிகள்ல ட்ரோலிங் பண்ணி, அதாவது ஓடுற போட்டுக்குப் பின்னால லூரை (பொய் இரையை) இழுத்துட்டுப் போய், கோகனி மீன் பிடிக்கக் கிளம்பிட்டாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா ரீல் வாங்குற நேரத்துல எல்லாரும் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்குறாங்க, போன்ல ஒருத்தருக்கு சொன்னதையே அடுத்த வாரம் இன்னொருத்தருக்கு சொல்ல வேண்டியிருக்கு. அதனால அவங்க கேட்டது கேட்டபடியே கீழ போட்டு பதில் எழுதியிருக்கேன். அவசரத்துல இருக்குறவங்க டிராக் (மீன் பலமா இழுத்தா லைனை வழுக்கி விடுற, ரீலோட பிரேக்) பத்தின பதிலை மட்டுமாவது படிச்சிடுங்க, மத்தது எல்லாமே அதுக்கு அப்புறம்தான்.

ப்ரோ, கோகனின்னா என்ன மீன்? அதுக்குன்னு தனியா ரீல் வேணுமா?

கடலுக்கே போகாம ஏரியிலயே வாழ்ந்து முடிக்குற சாக்கை சால்மன்தான் கோகனி. வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா, ஐடஹோ, ஓரிகன் ஏரிகள்ல இருக்கு, கலிஃபோர்னியா, யூட்டா, கொலராடோ அணைகள்லயும் விட்டு வளர்த்திருக்காங்க. சாதாரணமா 10 இன்ச்ல இருந்து 16 இன்ச் வரைக்கும் வரும், எடை ஒரு பவுண்ட் முன்னப்பின்ன. ஓரிகன்ல வல்லோவா லேக்ல 2010ல 9.67 பவுண்ட்ல ஒண்ணு பிடிச்சாங்க, அதுதான் உலக ரெக்கார்டு, அதை மனசுல வெச்சு ரீல் வாங்க வேண்டாம்.

தனி ரீல்னு எதுவும் கிடையாது. ஆனா இந்த மீனோட வாய் ரொம்ப மெல்லிசு, கொஞ்சம் வேகமா இழுத்தாலே ஹூக் இருக்குற இடம் கிழிஞ்சு மீன் போயிடும். கடிச்ச உடனே சுழலும், தண்ணிக்கு மேல குதிக்கும், திடீர்னு போட் பக்கமே ஓடி வரும். அந்த வாய்க்கும் இந்த ஆட்டத்துக்கும் சரிப்பட்டு வர்ற ரீல் எதுங்குறதுதான் மொத்த விஷயமும்.

ட்ரவுட்டுக்கு வாங்குன ஸ்பின்னிங் ரீல் வீட்டுல இருக்கு, அதுவே போதாதா?

முதல் சீசனுக்கு தாராளமா போதும். வசந்த காலத்துல தண்ணி இன்னும் சில்லுன்னு இருக்கும்போது கோகனி மேல் பக்கமாவே சுத்தும், அப்போ வெயிட் எதுவும் இல்லாம டாட்ஜரும் (லூருக்கு முன்னால மின்னி ஆடி மீனை இழுக்குற தகடு) லூரும் மட்டும் பின்னால நீளமா விட்டு இழுத்தா போதும், அதுக்கு ஸ்பின்னிங் ரீல் நல்லாவே வேலை செய்யும்.

சிக்கல் ரெண்டு. ஒண்ணு, டிராக் வழுக்கிட்டு இருக்கும்போதே ஹேண்டிலை சுத்தினா ஸ்பின்னிங் ரீல்ல லைன் முறுக்கிக்கும், கோகனிக்கு டிராக் லூசாத்தான் வெப்போம்ங்குறதால இது அடிக்கடி நடக்கும். ரெண்டாவது, டவுன்ரிகர்ல, அதாவது மீன் கடிச்சா விடுற க்ளிப்புல லைனை மாட்டி கனமான குண்டோட ஆழத்துக்கு இறக்குற கருவியில, குண்டை இறக்கும்போது பெயிலை (லைனைப் பிடிக்குற கம்பி வளையம்) திறந்து வெச்சா லைன் கொத்துக்கொத்தா போகும், மூடி வெச்சா டிராக்கைத் திருகித் திருகி விடணும். கோடையில மீன் 60 அடி 80 அடிக்கு கீழ போனதும் நீங்களே வேற ரீல் தேட ஆரம்பிச்சிடுவீங்க.

லோ ப்ரொஃபைல், ரவுண்ட் ரீல்னு கடைக்காரர் என்னென்னமோ சொல்றார், கோகனிக்கு எது அண்ணா?

ரெண்டுமே ஸ்பூல், அதான் லைன் சுத்தியிருக்குற உருளை, சுத்துற டைப்தான். லோ ப்ரொஃபைல்ங்குறது பாஸ் மீன் பிடிக்கிறவங்க வெச்சிருப்பாங்களே, தட்டையா கைக்குள்ள அடங்குற மாதிரி, அது. ரவுண்ட்ங்குறது பழைய ஆபு கார்சியா ஸ்டைல் உருண்டை.

என் ஓட்டு லோ ப்ரொஃபைலுக்கு. காரணம் எடை. கோகனி ராட் ரொம்ப மெலிசு, 7 அடியில இருந்து 9 அடி வரைக்கும் நீளம், அடிவரைக்கும் வளையும். அதுல ஒரு பவுண்ட் தாண்டுற சால்மன் ரீலை மாட்டினா கையில மீன் ஆடுறதே தெரியாது, மீன் இன்னும் இருக்கா போச்சான்னு சந்தேகமே வந்துடும். ஆனா சின்ன ரவுண்ட் ரீல் ஏற்கனவே இருந்தா அதை வித்துட்டு இது வாங்கணும்னு அவசியம் இல்ல. க்ளிக்கர், அதான் லைன் போகும்போது சத்தம் போட்டு ஸ்பூலை லேசா பிடிக்குற பொத்தான், பல ரவுண்ட் ரீல்கள்ல இருக்கு, அது எவ்ளோ உதவும்னு டவுன்ரிகர் கேள்வில சொல்றேன்.

ஒரு ரீல்ல மேக்ஸ் டிராக் 20 பவுண்டுன்னு போட்டிருக்கான், இன்னொண்ணுல 11தான். 20 தானே நல்லது?

இல்ல. இந்த ஒரு நம்பரைப் பாத்து ஏமாறாத ஆளே கிடையாது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். கோகனிக்கு நாம வெக்கிற டிராக் ஒரு பவுண்ட், ரொம்ப போனா ரெண்டு பவுண்ட். 11 பவுண்டே நமக்கு ஜாஸ்தி. நாம பாக்க வேண்டியது டிராக் எவ்ளோ இறுகும்னு இல்ல, எவ்ளோ லேசா வெச்சாலும் திக்காம வழுக்குதான்னுதான்.

நின்னுட்டு இருக்குற பொருளை நகர்த்த ஆரம்பிக்கத்தான் அதிக பலம் வேணும், நகர ஆரம்பிச்சா குறைஞ்ச பலம் போதும். டிராக் வாஷரும் அப்படித்தான். மட்டமான டிராக்ல முதல் இழுவைக்கு ஸ்பூல் ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம் பட்டுனு விடும், திரும்ப ஒட்டும். பெரிய சினூக் சால்மனுக்கு அந்த ஒரு நொடி பெருசா தெரியாது. கோகனி வாய் கிழியுறது அந்த ஒரு நொடியிலதான். மீன் குதிக்குது, ஸ்பூல் நகரல, ஹூக் வெளிய வந்துடுது, நாம ஹூக் சரியில்லன்னு நினைச்சு ஹூக் மாத்திட்டு இருப்போம்.

கடையில பாக்கும்போது டிராக்கை நல்லா லூஸ் பண்ணி, ஸ்பூலை விரலால மெதுவா திருப்பிப் பாருங்க, திக்காம ஒரே சீரா போகணும். வீட்டுக்கு வந்து லைன் ஏத்தினதும் ஒரு சின்ன ஸ்ப்ரிங் தராசுல லைனைக் கட்டி மெதுவா இழுங்க. முள்ளு ஒரு பவுண்ட் கிட்ட வந்து அங்கேயே நிக்க ஸ்பூல் சுத்தினா அருமை. ரெண்டுக்கு ஏறி டக்குனு ஒண்ணுக்கு இறங்கினா அந்த ரீலை கோகனிக்கு எடுக்காதீங்க. கார்பன் ஃபைபர் வாஷர் போட்ட ரீல்கள் பொதுவா இந்த விஷயத்துல நல்லா நடந்துக்கும்.

ஸ்டார் டிராக்கா, லீவர் டிராக்கா?

ஸ்டார், அதான் ஹேண்டில் பக்கத்துல நட்சத்திர வடிவச் சக்கரத்தைத் திருகி வெக்கிறது. லீவர் டிராக், நெம்புகோலைத் தள்ளி வெக்கிறது, கடல்ல பெரிய மீனுக்கு. ஸ்டார்லயும் ஒவ்வொரு சின்னத் திருப்புக்கும் டிக் டிக்னு க்ளிக் ஆகுறதா இருந்தா நல்லது, ஒரு க்ளிக் கூட்டு, ரெண்டு க்ளிக் குறைன்னு கண்ணால பாக்காமலே பண்ணலாம்.

லைன் கவுண்டர் இல்லாம முடியாதா? அதுக்கே விலை டபுள் ஆகுதே.

லைன் கவுண்டர்ங்குறது எத்தனை அடி லைன் வெளிய போச்சுன்னு ரீல்லயே காட்டுறது. அது இல்லாமலும் முடியும், ஆனா இருந்தா மீன் கூடும். டவுன்ரிகர் வெச்சிருக்கவங்க நிறைய பேரு ஆழம்தான் டவுன்ரிகர்லயே தெரியுதே, ரீல்ல எதுக்கு கவுண்டர்னு கேட்பாங்க. ஆழம் அதுல தெரியும், உண்மை. ஆனா க்ளிப்புல மாட்டுறதுக்கு முன்னாடி லூரை எவ்ளோ தூரம் பின்னால விட்டோம்ங்குறது அதுல தெரியாது. காலையில 40 அடி பின்னால விட்டதுல கடிச்சுது, அடுத்த தடவை குத்துமதிப்பா விட்டா அது 25ஆவும் இருக்கலாம் 70ஆவும் இருக்கலாம். கோகனி கூட்டமா ஒரே ஆழத்துல நிக்குற மீன், எது வேலை செஞ்சுதோ அதையே அச்சு மாறாம திரும்ப செய்யுறவங்களுக்குத்தான் கூலர் நிறையும்.

கவுண்டர் இல்லன்னா லெவல்வைண்ட், அதான் லைனை இடமும் வலமும் கொண்டு போற அந்த சின்ன கைடு, அது ஒரு கோடியில இருந்து மறு கோடிக்கு போனா எத்தனை அடி லைன் போகுதுன்னு ஒரு தடவை டேப் வெச்சு அளந்துக்கங்க, அப்புறம் எண்ணி எண்ணி விடலாம். ஒரு எச்சரிக்கை, நிறைய லோ ப்ரொஃபைல் ரீல்கள்ல ஃப்ரீஸ்பூல்ல (ஹேண்டில் பிடிப்பு இல்லாம ஸ்பூல் தானா சுத்துற நிலை) லெவல்வைண்ட் நகராது, அதுல இந்த வழி நடக்காது. அப்படி ரீல் இருந்தா, ரீலுக்கும் முதல் கைடுக்கும் நடுவுல லைனைப் பிடிச்சு கையால ஒரே அளவா இழுத்து இழுத்து எண்ணுங்க, ஒரு இழுப்புக்கு ரெண்டு அடின்னு வெச்சுக்கிட்டா 20 இழுப்பு 40 அடி. மெதுவா ஆகும், ஆனா நம்பலாம்.

என் கவுண்டர்லயும் 100, ஃப்ரெண்டோட கவுண்டர்லயும் 100, ஆனா அவன் லூர் தள்ளிப் போகுது. எது பொய் சொல்லுது?

கவுண்டர் அடியை அளக்குறதில்ல, ஸ்பூல் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணி அதை அடியா காட்டுது. ஸ்பூல் முழுசா நிரம்பி இருந்து ஒரு சுத்துக்கு 5 இன்ச் லைன் போகுதுன்னா 100 அடிக்கு 240 சுத்து. அதே ஸ்பூல்ல லைன் குறைவா ஏத்தி ஒரு சுத்துக்கு 4 இன்ச்தான் போகுதுன்னா அதே 240 சுத்துக்கு 80 அடிதான் வெளிய போயிருக்கும், கவுண்டர் அப்பவும் 100ன்னுதான் காட்டும்.

அதனால கீழ பழைய மோனோவை (ஒற்றை இழை நைலான் லைன்) பேக்கிங்கா, அதான் அடி நிரப்பா, சுத்தி, மேல நல்ல லைனை விளிம்புக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் நிரப்பிடுங்க. ரெண்டு ரீல் வெச்சிருந்தா ரெண்டுமே ஒரே மாடல், ஒரே லைன், ஒரே நிரப்பு. அப்புறம் ஒரு பார்க்கிங் லாட்ல டேப் வெச்சு 100 அடி இழுத்து கவுண்டர் என்ன காட்டுதுன்னு பாத்து ரீல்லயே ஒட்டிடுங்க. ஸ்பூல் நிரம்பி இருக்குறதுல இன்னொரு லாபம், லைன் குறையக் குறைய அதே டிராக் செட்டிங்கே மீனுக்கு அதிகமா இறுகும், 5 இன்ச் 4 இன்ச் ஆச்சுன்னா இழுவை கால் பங்கு கூடிடும். டிராக் பதில்ல சொன்ன ஒரு பவுண்ட் அப்போ ஒண்ணேகால் ஆயிடும்.

கியர் ரேஷியோ எவ்ளோ இருக்கணும்? வேகமா இருந்தா நல்லதுன்னு ஒருத்தர், மெதுவா இருக்கணும்னு இன்னொருத்தர் சொல்றாங்க.

கியர் ரேஷியோன்னா ஹேண்டில் ஒரு சுத்துக்கு ஸ்பூல் எத்தனை சுத்துங்குறது. ரெண்டு பேரும் பாதி சரி. குண்டு 60 அடி கீழ இருக்கு, லூர் அதுக்கு 30 அடி பின்னால. ராட் நுனியில இருந்து லூர் வரைக்கும் 90 அடி லைன். மீன் கடிச்சு க்ளிப் விட்டதும் லைன் நேரா மீனை நோக்கிப் போகணும், அந்த நேர்க்கோடு 67 அடிதான். மிச்சம் 23 அடி சும்மா தொங்கும். அதே ஆழத்துல 80 அடி பின்னால விட்டிருந்தா தொங்கல் 40 அடி. வளைஞ்சிருந்த ராட் நிமிர்றதும் போட் முன்னால போறதும் கொஞ்சம் எடுத்துக்கும், மீதியை நாமதான் சுத்தணும். ஒரு சுத்துக்கு 13 இன்ச் எடுக்குற ஸ்லோ ரீல்ல 23 அடிக்கு 21 சுத்து, 20 இன்ச்னா 14 சுத்து, 26 இன்ச்னா 11க்கும் குறைவு. இதனாலதான் போட்டை நிறுத்தாதீங்கன்னு சொல்றேன், மீன் மாட்டினதும் மோட்டாரை ஆஃப் பண்ணா தளர்வு இன்னும் கூடும்.

அதுக்காக 30 இன்ச்சுக்கு மேல எடுக்குற ரொம்ப ஸ்பீடு ரீல் எடுத்தா, மீன் போட் கிட்ட வந்து ஆடும்போது ஒவ்வொரு சுத்தும் ஒரு வெடுக்குனு இழுக்குற மாதிரி ஆகும், வாய் கிழியும். ரேஷியோல 5க்கு 1ல இருந்து 6.3க்கு 1 வரைக்கும் போதும். ஆனா பாக்ஸ்ல ரேஷியோவை விட ஒரு சுத்துக்கு எத்தனை இன்ச்னு போட்டிருக்குறதைப் பாருங்க, ஸ்பூல் சின்னதா இருந்தா ரேஷியோ பெருசா இருந்தும் பிரயோஜனம் இல்ல. 20ல இருந்து 26 இன்ச் நல்ல இடம்.

லைன் மோனோ போடவா ப்ரெய்ட் போடவா? சின்ன ரீல்ல போதுமான அளவு ஏறுமா?

மோனோ, 8 இல்ல 10 பவுண்ட். மோனோ இழுபடும், மீன் தலையை ஆட்டுறதை அது தாங்கிக்கும். ப்ரெய்ட் (பல இழை பின்னின லைன்) கிட்டத்தட்ட நீளவே நீளாது, அந்த அதிர்ச்சி நேரா வாய்க்குப் போகும், போதாததுக்கு டவுன்ரிகர் க்ளிப்புல நழுவும். ப்ரெய்ட்தான் வேணும்னா முன்னால நீளமா மோனோ டாப்ஷாட் (மேல் பகுதி லைன்) கட்டுங்க, இல்லன்னா ரப்பர் ஸ்னப்பர் (இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்குற துண்டு) போடுங்க.

அளவைப் பத்தி கவலையே வேண்டாம். 100 அடி ஆழம், 100 அடி பின்னால, சேத்து 200 அடி. 150 யார்டுன்னா 450 அடி. 10 பவுண்ட் மோனோ 150 யார்ட் பிடிக்குற ரீல் போதும்.

நான் ரைட் ஹேண்ட். ஹேண்டில் எந்தப் பக்கம் வாங்கணும்?

இடது பக்கம் ஹேண்டில் இருந்தா வலது கையில ராட், இடது கையில சுத்தலாம், மீன் வந்ததும் ராடை கை மாத்த வேண்டியதில்ல. கை மாத்துற அந்த நேரத்துல லைன் தளர்ந்தா கோகனி போயிடும். ஆனா சின்ன வயசுல இருந்தே வலது கையால சுத்திப் பழகினவங்க இதுக்காக மாத்திக்க வேண்டாம், பழக்கம்தான் பெருசு. இன்னொண்ணு, சில லைன் கவுண்டர் மாடல்கள் இடது பக்கம் வர்றதே இல்ல, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பாத்துக்கங்க.

லோ ப்ரொஃபைல்ல க்ளிக்கர் இல்ல. டவுன்ரிகர் இறக்கும்போது லைன் சிக்கலாயிடுது, என்ன பண்றது?

குண்டு ஒரே சீரா இறங்காது, நிக்கும், போகும். குண்டு நிக்குற நேரத்துல ஸ்பூல் சுத்திட்டே இருந்தா பறவைக்கூடு மாதிரி சிக்கல் விழும். ஹேண்டில் பக்கம் ஸ்பூல் டென்ஷன் நாப் ஒண்ணு இருக்கும், அதை வழக்கத்தை விட இறுக்கி வெச்சிடுங்க, நாம இதுல எறியப் போறதில்ல, அதனால நஷ்டம் இல்ல. மேக்னட்டிக் பிரேக் இருந்தா அதையும் முழுசா ஏத்திடுங்க, ஆனா குண்டு மெதுவா இறங்கும்போது பிடிக்குறது நாப்தான். கட்டை விரல் ஸ்பூல் மேலயே இருக்கணும். தனியா போறவங்க ராடை ஹோல்டர்ல வெச்சுட்டு ஃப்ரீஸ்பூல் போடாம டிராக்கை மட்டும் ரொம்ப லூஸ் பண்ணி இறக்கலாம், கீழ போனதும் டிராக்கைத் திரும்ப வெக்க மறக்கக் கூடாது.

க்ளிக்கர் இருக்குற ரவுண்ட் ரீல் இங்கதான் ஜெயிக்கும், க்ளிக்கரே லேசா பிடிச்சு வெச்சுக்கும். எப்பவும் தனியா போறவர்னா இதுக்காகவே ரவுண்ட் எடுத்தா நான் மறுத்துப் பேச மாட்டேன்.

டிராக் ஒரு பவுண்ட்ல வைன்னு சொன்னீங்க. ஆனா டவுன்ரிகர்ல ராடை வளைச்சு வெச்சா லைன் தானா ஓடுதே?

நல்ல கேள்வி, கொஞ்ச நாள் ட்ரோலிங் பண்ணவங்கதான் இதைக் கேட்பாங்க. ராட் வளைஞ்சு நிக்க லைன்ல ஒரு இழுவை இருக்கணும், டிராக் அதைத் தாங்கணும். அப்போ முதல்ல குறைக்க வேண்டியது ராட் இழுவை. ராட் விறைப்பா இருந்தா அரை வளைவுக்கே ரெண்டு மூணு பவுண்ட் கேட்கும், கோகனி ராட் மெலிசா இருக்கணும்ங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். அடுத்தது க்ளிப், மெதுவா தொட்டாலே விடுற அளவுக்கு லேசா வெக்கணும், இல்லன்னா 10 இன்ச் மீன் மாட்டினதே தெரியாம மணிக்கணக்கா இழுத்துட்டுப் போவீங்க.

அதுக்கப்புறம் டிராக்கை அந்த வளைவை மட்டும் தாங்குற அளவுக்கு கூட்டுங்க, அதுக்கு மேல ஒரு க்ளிக் கூட வேண்டாம். மீன் மாட்டி ராட் கைக்கு வந்து தளர்வை எடுத்ததும் ஸ்டாரை ஒண்ணு ரெண்டு க்ளிக் பின்னால திருப்பிடுங்க. ஸ்டார்ல க்ளிக் இருக்கணும்னு மேல சொன்னது இதுக்குத்தான். நெட்டுக்கு கிட்ட வரும்போது இன்னும் ஒரு க்ளிக் குறைச்சாலும் தப்பில்ல, நிறைய கோகனி போறது அந்தக் கடைசி பத்தடியிலதான், லைன் குட்டையா இருக்கும்போது மோனோவோட இழுபடுற குணமும் உதவாது.

கோகனி லேக்ல பெரிய ரெயின்போ, லேக் ட்ரவுட் எல்லாம் இருக்கே, அது கடிச்சா இந்தச் சின்ன ரீல் உடைஞ்சிடாதா?

உடையாது. கோகனியைத் தின்னே பெருசாகுற மீன்கள் உண்டு, ஐடஹோல பெண்டோரே லேக்ல 1947ல 37 பவுண்ட் ரெயின்போ பிடிச்சிருக்காங்க. அந்த மாதிரி ஒண்ணு கடிச்சா டிராக்கை இறுக்கி நிறுத்தப் பாக்காதீங்க, நம்ம லீடரும் (லூர் கட்டுற மெல்லிசு நுனி லைன்) ஹூக்கும்தான் முதல்ல போகும், ரீல் இல்ல. ஓட விடுங்க, இன்னொரு டவுன்ரிகரை மேல ஏத்துங்க, போட்டைத் திருப்பி மீன் பின்னாலயே போங்க. டிராக் திக்காம இருந்தா 8 பவுண்ட் லைன்லயே பெரிய மீன் வரும். அதுக்குன்னு பெரிய ரீல் மாட்டினா மத்த நேரம் முழுக்க கோகனியை இழப்பீங்க.

டவுன்ரிகர் இல்ல, லெட்கோர் போடலாம்னு இருக்கேன். அதே லோ ப்ரொஃபைல்ல ஏறுமா?

லெட்கோர்ங்குறது உள்ள ஈயக் கம்பி வெச்ச, தானா மூழ்குற லைன். அது ஏறாது, ஏறினாலும் ரெண்டு மூணு கலர்தான். லெட்கோர் பத்து யார்டுக்கு ஒரு கலர் மாறும், ஒரு கலருக்கு சுமாரா 5 அடி இறங்கும்னு கணக்கு, நம்ம மாதிரி மணிக்கு ஒண்ணேகால் மைல் வேகத்துல மெதுவா போனா இன்னும் கொஞ்சம் கீழயே போகும். லைன் தடிமனா இருக்குறதால ஸ்பூல் சீக்கிரம் ரொம்பிடும். இதுக்கு மட்டும் பெரிய ரவுண்ட் ரீல், தனி ராட். கலரே அளவு காட்டுறதால இதுல லைன் கவுண்டருக்கு காசு போட வேண்டாம், ஒரு ரீல்ல அவ்ளோவாவது மிச்சம்.

கடைசியா பேர் சொல்லுங்க ப்ரோ, எதை வாங்க?

நூறு டாலருக்குள்ளன்னா ஒகுமா மேக்டா ப்ரோ, லைன் கவுண்டர் இருக்கு, எடை கொஞ்சம் ஜாஸ்தி, டிராக்கைத் தராசுல பாத்துட்டு வெச்சுக்கங்க. அதுக்கு மேல போக முடியும்னா ஒகுமா கோல்ட் வாட்டர் லோ ப்ரொஃபைல் இல்ல டைவா லெக்சா, ரெண்டுலயும் லைன் கவுண்டர் மாடல் எடுங்க, கோகனிக்கு சின்ன சைஸ்தான். ஷிமானோ டெகோட்டா அருமையான ரீல், ஆனா அது சினூக் வேலைக்கு, நமக்கு எடை. கவுண்டர் வேண்டாம்னா பாஸ் ரீல் எதுவா இருந்தாலும் சரி, டிராக் டெஸ்ட்ல பாஸ் ஆகணும்.

பட்ஜெட் மொத்தமா ஒரு தொகைன்னா விலை உசந்த ரீல் ஒண்ணுக்குப் பதிலா நடுத்தர ரீல் ரெண்டு எடுங்க. வாஷிங்டன்ல நிறைய ஏரியில டூ போல் எண்டார்ஸ்மெண்ட் (லைசென்ஸோட வாங்குற கூடுதல் அனுமதி) வாங்கினா ஒருத்தரே ரெண்டு ராட் போடலாம், ரெண்டு ஆழத்துல தேடலாம்.

சம்மாமிஷ் லேக் வீட்டு வாசல்லயே இருக்கு, புது ரீலை அங்க ட்ரை பண்ணலாமா?

கோகனிக்கு அங்க போகாதீங்க. அங்க இருக்குறது அந்த ஏரியோட சொந்த கோகனி, எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சு போய் அதைக் காப்பாத்தப் பாடுபட்டுட்டு இருக்காங்க, பிடிச்சு வெச்சுக்கக் கூடாது. ட்ரோலிங் பண்ணும்போது தெரியாம ஒண்ணு மாட்டினா தண்ணியை விட்டு எடுக்காமலே ஹூக்கைக் கழட்டி விட்டுடுங்க. ஸ்டீவன்ஸ் அவ்ளோ தூரம் இல்ல, அங்க போய் ட்ரை பண்ணுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து ரூல்ஸைப் பாத்துடுங்க.

சீசன் முடிஞ்சதும் ரீலை என்ன பண்ணணும்?

டிராக்கை முழுசா லூஸ் பண்ணி வையுங்க. இறுக்கி வெச்சா வாஷர் அழுந்தி ஒட்டிக்கும், அடுத்த வருஷம் முதல் மீனுக்கு திக்கும். டிராக் வாஷர்ல ஆயில் படாம லெவல்வைண்ட்ல மட்டும் ரெண்டு சொட்டு விடுங்க. ஏப்ரல்ல எடுக்கும்போது மோனோவை மாத்துங்க, பேக்கிங் அப்படியே இருக்கட்டும், அப்புறம் பார்க்கிங் லாட் டேப் டெஸ்ட்டும் தராசு டெஸ்ட்டும் இன்னொரு தடவை.